311.8 தப்பில்லை, தம்பி: வாயுக் கணக்குகளில் ஆர் மதிப்பு பற்றி

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். கடையத்தில் பதினொன்றாம் வகுப்பு, தமிழ் வழி. வாயு நிலைமை பாடத்தில் சூத்திரமெல்லாம் மனப்பாடம், ஆனாலும் பத்துக் கணக்கு போட்டால் ஆறு தப்பாகிறது என்கிறீர்கள். ஒரு கணக்கையும் எழுதியிருக்கிறீர்கள்: 2 லிட்டர் குடுவையில் 27° செல்சியஸில் 8 கிராம் ஆக்சிஜன் வாயு இருக்கிறது, அதன் அழுத்தம் எவ்வளவு? உங்களுக்கு 311.8 வந்தது, விடைக்குறிப்பில் 3.08 வளிமண்டலம் என்றிருக்கிறது. எந்தக் கணக்குக்கு எந்த ஆர் மதிப்பு என்று ஓர் அட்டவணை வேண்டும் என்று முடித்திருக்கிறீர்கள். ஆர் என்பது, அழுத்தம் × கன அளவு = மோல் × ஆர் × வெப்பநிலை என்ற வாயுச் சமன்பாட்டில் வரும் மாறிலி. அட்டவணை நான்கு வரியில் முடிந்துவிடும். ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது வேறொன்று என்று எனக்குப் படுகிறது. விடைக்குறிப்பு கையில் இல்லாத தேர்வறையில், என் விடை சரியா தப்பா என்று எனக்கே எப்படித் தெரியும் என்பதுதான் அது. பாளையங்கோட்டையில் 26 வருடம் மேல்நிலை வகுப்புக்கு வேதியியல் நடத்தினேன். இப்போதும் சாயங்காலம் பிள்ளைகள் வீட்டுக்கு வருகிறார்கள். அந்தப் பழக்கத்தை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் உங்கள் 311.8. அது தப்பான எண்ணே இல்லை. 8 கிராம் ஆக்சிஜனை 32-ஆல் வகுத்து 0.25 மோல் என்று சரியாக எடுத்திருக்கிறீர்கள். நிறையப் பேர் இங்கேயே 16-ஆல் வகுத்து 0.5 என்று போட்டுவிடுவார்கள். 27-ஐ 300 கெல்வினாக மாற்றியதும் சரி. பிறகு ஆர் என்ற இடத்தில் 8.314 போட்டு, 2-ஆல் வகுத்திருக்கிறீர்கள். 311.8 வந்தது. அதற்குப் பின்னால் "வளிமண்டலம்" என்று எழுதினீர்களே, அந்த ஒரு சொல்தான் தப்பு. "கிலோபாஸ்கல்" என்று எழுதியிருந்தால் முழு மதிப்பெண். 311.8 கிலோபாஸ்கலை 101.3-ஆல் வகுத்துப் பாருங்கள், 3.08 வந்து நிற்கும். நீங்களும் விடைக்குறிப்பும் ஒரே அழுத்தத்தைத்தான் இரண்டு அளவுகோலில் சொல்லியிருக்கிறீர்கள்.

இது ஏன் என்று புரிந்துவிட்டால் அட்டவணை தேவைப்படாது. அழுத்தத்தைக் கன அளவால் பெருக்கினால் கிடைப்பது ஆற்றல். ஒரு பாஸ்கலை ஒரு கன மீட்டரால் பெருக்கினால் ஒரு ஜூல். பாஸ்கலை ஆயிரம் மடங்காக்கி, கன மீட்டரை ஆயிரத்தில் ஒரு பங்காக்கினாலும் பெருக்கற்பலன் மாறாது. அதாவது ஒரு கிலோபாஸ்கல், ஒரு லிட்டர், இரண்டையும் பெருக்கினாலும் அதே ஒரு ஜூல்தான். ஆகவே 8.314 போட்டுக் கன அளவை லிட்டரில் வைத்தால், அழுத்தம் தானாகவே கிலோபாஸ்கலில் வந்து விழும். வளிமண்டலத்தில் வேண்டுமானால் 0.0821. பார் அலகில் வேண்டுமானால் 0.0831. அப்புறம் பாதரச மில்லிமீட்டரில் கொடுத்திருந்தால் 62.4 என்று ஒன்று உண்டு. ஆனால் அதை மனப்பாடம் செய்யாதீர்கள். 760-ஆல் வகுத்து வளிமண்டலமாக்கிக்கொண்டால் வேலை முடிந்தது. இத்தனை எண்ணும் ஒரே மாறிலிதான். ஓர் உழக்கு அரிசியைக் கிராமிலும் சொல்லலாம், கரண்டிக் கணக்கிலும் சொல்லலாம், அரிசி மாறுவதில்லை அல்லவா, அப்படி. அலகுகள் திருத்தப்பட்ட 2019 முதல் இதன் மதிப்பு 8.314462618 என்று அளவுப் பிழைக்கே இடமில்லாமல் நிலைநிறுத்தப்பட்டிருக்கிறது. நமக்கு 8.314 போதும்.

நான் பிள்ளைகளிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். எண்ணைப் போடும்போது அலகையும் கூடவே போடுங்கள். வெறும் 0.0821 என்று எழுதாமல், 0.0821 லிட்டர் வளிமண்டலம், கீழே மோல் கெல்வின் என்று முழுதாக எழுதுங்கள். அடித்துக்கொண்டே வந்தால் கடைசியில் எது மிஞ்சுகிறதோ அதுதான் விடையின் அலகு. இது நேரத்தை வீணாக்கும் என்று சொல்வார்கள். ஒரு கணக்குக்கு அரை நிமிடம்கூடக் கூடுதலாகாது. உங்கள் 311.8-ஐ அந்த அரை நிமிடம் காப்பாற்றியிருக்கும்.

இப்போது உங்கள் உண்மையான கேள்விக்கு வருகிறேன். கணக்கைத் தொடுவதற்கு முன்பே விடை எந்தப் பக்கம் இருக்கும் என்று தெரிந்துவைத்திருக்க வேண்டும். அதற்கு நான் கொடுக்கும் பிடி ஒரே ஓர் எண்: நம்ம ஊர் வெயிலில், சாதாரணக் காற்றழுத்தத்தில், எந்த வாயுவும் ஒரு மோல் இருந்தால் ஏறத்தாழ 25 லிட்டர் இடம் பிடிக்கும். 27°-யில் 24.6, 30°-யில் 24.9, 35°-யில் 25.3. வருடம் முழுக்க 25-ஐச் சுற்றியேதான் நிற்கும். வீட்டுக்கு வரும் 20 லிட்டர் தண்ணீர்க் கேன் தெரியுமல்லவா, அது ஒன்றும் கூடக் கால் கேனும். 32 கிராம் ஆக்சிஜன் அவ்வளவு இடத்தை அடைக்கும், 2 கிராம் ஹைட்ரஜனும் அவ்வளவு இடத்தைத்தான் அடைக்கும். இந்தப் படம் மனத்தில் பதிந்துவிட்டால், உங்கள் கணக்கைப் பேனா எடுக்காமலே போடலாம். கால் மோல் ஆக்சிஜன். சும்மா விட்டால் 25-இல் கால் பங்கு, அதாவது ஆறு லிட்டர் சொச்சம் இடம் பிடிக்கும். அதை 2 லிட்டர் குடுவைக்குள் திணித்திருக்கிறார்கள். மூன்றில் ஒரு பங்கு இடம், ஆகவே மூன்று மடங்கு அழுத்தம். விடை 3 வளிமண்டலத்துக்குப் பக்கத்தில்தான் இருந்தாக வேண்டும். இதைச் செய்துவிட்டு உட்கார்ந்திருந்தால் "311.8 வளிமண்டலம்" என்று எழுத உங்கள் கை வந்திருக்காது.

சாதாரண வெப்பநிலையில் வரும் கணக்குகளில் இந்த 25 லிட்டர் பிடி விடையைப் பத்து சதவீதத்துக்குள் கொண்டுவந்து நிறுத்தும். நீட் தேர்வில் கால்குலேட்டர் கிடையாது. அங்கே இது பெரிய துணை. இன்னும் இரண்டு சுருக்கமும் சொல்லி வைக்கிறேன். 8.314-ஐ 25-இன் கீழ் 3 என்றும், 0.0821-ஐ 12-இல் ஒரு பங்கு என்றும் எடுத்துக்கொள்ளலாம். முதலாவதில் பிழை கால் சதவீதத்துக்கும் கீழே, இரண்டாவதில் ஒன்றரை சதவீதம். கொடுத்திருக்கும் நான்கு விடைகளும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்தால் இரண்டாவதை விட்டுவிட்டு முழுப் பெருக்கலையே செய்யுங்கள்.

வெப்பநிலையில் நீங்கள் தப்பு செய்யவில்லை என்றாலும், கெல்வின் ஏன் என்பதைச் சொல்லாமல் போக மனமில்லை. "273-ஐக் கூட்டணும் சார்" என்று எல்லாரும் சொல்வார்கள், ஏன் என்று கேட்டால் பதில் வராது. வண்ணார்பேட்டைப் பக்கம் டயருக்குக் காற்றடிக்கிற கடையில் நின்று யோசித்துப் பாருங்கள். காலையில் 27°-யில் காருக்கு 32 என்று காற்று பிடிக்கிறோம். சதுர அங்குலத்துக்கு 32 பவுண்டு. வண்டி நாங்குநேரி தாண்டிப் போவதற்குள் வெயிலும் ஓட்டமும் சேர்ந்து டயருக்குள் 57° ஆகிவிட்டது என்று வையுங்கள். டயர் அதிகம் விரியாது, ஆகவே கன அளவு மாறவில்லை. செல்சியஸிலேயே விகிதம் போட்டால் 32-ஐ 57-ஆல் பெருக்கி 27-ஆல் வகுக்க வேண்டும், 67-க்கு மேல் வரும். அப்படி ஏறுமானால் நம் ஊர் நான்குவழிச் சாலையில் ஒரு டயர் தங்காது. ஏன் இந்த அபத்தம் வருகிறது? 57° என்பது 27°-யைவிட இரண்டு மடங்கு சூடு இல்லை. செல்சியஸின் பூஜ்ஜியம் தண்ணீர் உறையும் இடம், அவ்வளவுதான். வாயுவின் மூலக்கூறுகளுக்கு அந்த இடத்தில் ஒன்றுமே நடப்பதில்லை. அவற்றின் கணக்கு உண்மையில் தொடங்கும் இடம் அதற்கும் 273.15 டிகிரி கீழே இருக்கிறது. அங்கிருந்து எண்ணினால் 300 என்பது 330 ஆகியிருக்கிறது, பத்தில் ஒரு பங்கு கூடியிருக்கிறது, அவ்வளவே.

சரி, 32-இல் பத்தில் ஒரு பங்கைக் கூட்டி 35.2 என்று சொல்லலாமா? அதுவும் தப்பு. காற்றுக் கடை மீட்டர் காட்டுவது வெளிக்காற்றைவிட உள்ளே எவ்வளவு கூடுதல் என்பதை மட்டும். பஞ்சரான டயரில் மீட்டர் பூஜ்ஜியம் காட்டும், ஆனால் உள்ளே காற்றில்லாமல் இல்லை. வெளியே இருக்கும் 14.7 பவுண்டு அழுத்தம் உள்ளேயும் இருக்கிறது. சமன்பாட்டுக்கு வேண்டியது முழு அழுத்தம். ஆகவே 32-உடன் 14.7-ஐக் கூட்டினால் 46.7. அதை 330-ஆல் பெருக்கி 300-ஆல் வகுத்தால் 51.4. திரும்ப 14.7-ஐக் கழித்தால் மீட்டர் காட்டப்போவது 36.7. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானே இதைக் கரும்பலகையில் 35.2 என்று போட்டுக் காட்டியிருக்கிறேன். மறுநாள் வகுப்பில் சொல்லித் திருத்தினேன். பாடநூல் கணக்குகளில் பெரும்பாலும் முழு அழுத்தத்தையே கொடுத்துவிடுவதால் இந்தப் பள்ளம் வெளியே தெரிவதில்லை. கேள்வியில் "அழுத்தமானி காட்டும் அளவு" என்ற மாதிரி ஒரு சொல் வந்தால் மட்டும் விழித்துக்கொள்ளுங்கள்.

இந்த டயர் கணக்கில் ஆர் எங்குமே வரவில்லை என்பதைக் கவனித்தீர்களா? உங்கள் பத்துக் கணக்கில் எப்படியும் நான்கைந்து இந்த வகையாகத்தான் இருக்கும். அதே வாயு, முதலில் ஒரு நிலை, பிறகு ஒரு நிலை. அங்கே ஆர் மதிப்பைத் தேடுவதே வீண் வேலை. அழுத்தத்தையும் கன அளவையும் பெருக்கி வெப்பநிலையால் வகுத்தால் முன்னும் பின்னும் ஒரே எண், அவ்வளவுதான். இதில் அழுத்தமும் கன அளவும் என்ன அலகில் இருந்தாலும் கவலையில்லை, இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால் போதும். வெப்பநிலை மட்டும் கெல்வினில்தான் இருக்க வேண்டும். 1662-இல் பாயில் சொன்னது, பிறகு சார்லஸ், 1802-இல் கே லூசாக், 1811-இல் அவகாட்ரோ என்று பாடத்தில் தனித்தனியாக வருகிறதே, எல்லாமே இந்த ஒன்றில் எதையோ மாறாமல் பிடித்துவைத்தால் கிடைப்பவைதான். 1834-இல் கிளாப்பிரான் அவற்றை ஒன்றாகச் சேர்த்து எழுதினார். பெயர்களை ஒரு மதிப்பெண் வினாவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கணக்குக்கு ஒரு சமன்பாடு போதும்.

மாஞ்சோலைக்குப் பேருந்தில் போயிருக்கிறீர்களா? கல்லிடைக்குறிச்சியில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் மணிமுத்தாறு தாண்டி மேலே ஏற ஏற உப்பிக்கொண்டே வரும். அதைக் கணக்காக்குவோம். கீழே 35°, அழுத்தம் ஏறத்தாழ 1 வளிமண்டலம். கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டர் உயரத்தில் அழுத்தம் 0.89 வளிமண்டலம் அளவுக்கு இறங்கிவிடும். அங்கே 23° என்று வைப்போம். அழுத்தம் குறைந்ததால் உள்ளிருக்கும் காற்று 12 சதவீதம் விரியப் பார்க்கும். குளிர் கூடியதால் 4 சதவீதம் சுருங்கப் பார்க்கும். இரண்டையும் பெருக்கினால் நிகரமாக 8 சதவீதம் விரிவு. பாக்கெட்டில் இடமிருந்தால் அந்த 8 சதவீதம் உப்பும். ஏற்கெனவே உப்பியிருந்த பாக்கெட் என்றால் மேலும் விரிய வழியில்லாமல் விறைத்துக்கொள்ளும், அப்போது கன அளவு மாறவில்லை என்று வைத்து உள்ளழுத்தத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரே பாக்கெட்டுக்கு இரண்டு கணக்கு. எதை மாறாதது என்று எடுக்கிறோம் என்பதைப் பொருளைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும், சூத்திரம் அதைச் சொல்லித்தராது. இறுக்கமான குடுவையா, நகரும் பிஸ்டனா, பலூனா என்று கேள்வியில் ஒரு சொல் ஒளிந்திருக்கும். அதன் கீழே கோடு போட்டுவிட்டு மேலே போங்கள்.

அடுத்தது 22.4. இந்த எண்ணைப் போல் பிள்ளைகளைக் கெடுத்த எண் வேறில்லை. வாயு என்ற சொல்லைப் பார்த்தவுடன் 22.4-ஆல் பெருக்குகிறார்கள். தாழையூத்துச் சிமெண்ட் ஆலையை எடுத்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். ஒரு கிலோ தூய கால்சியம் கார்பனேட் என்றால் 10 மோல், ஆகவே 10 மோல் கார்பன் டை ஆக்சைடு. 22.4-ஆல் பெருக்கி 224 லிட்டர் என்று எழுதினால், அது 0°-யில் 1 வளிமண்டலத்தில் மட்டும் உண்மை. திருநெல்வேலியில் என்றைக்கு 0° வந்தது? 30°-யில் அது 249 லிட்டர். சூளைக்குள்ளேயே, 900°-யில், 963 லிட்டர். ஒரே 440 கிராம் வாயு! கேள்வியில் வெப்பநிலையும் அழுத்தமும் தனியாகக் கொடுத்திருந்தால் 22.4-ஐ மறந்துவிடுங்கள்.

இதில் உண்மையாகவே ஐயத்துக்கு இடமுள்ள ஒன்றும் இருக்கிறது. திட்ட வெப்ப அழுத்த நிலை என்பதற்கே இரண்டு பொருள் புழக்கத்தில் உண்டு. பழைய வரையறை 0°, 1 வளிமண்டலம். அதில் மோலார் கன அளவு, அதாவது ஒரு மோல் வாயு பிடிக்கும் இடம், 22.4 லிட்டர். 1982-இல் பன்னாட்டு வேதியியல் ஒன்றியம் அழுத்தத்தை 1 பார் என்று மாற்றியது. அதில் 22.7 லிட்டர். இரண்டும் இன்றும் கேள்விகளில் வருகின்றன. எது சரி என்று சண்டை போட வேண்டாம். கேள்வியில் அழுத்தத்தை எழுதியிருந்தால் அதன்படி போடுங்கள். எழுதவில்லை என்றால் கொடுத்த விடைகளில் எது பொருந்துகிறது என்று பாருங்கள், வித்தியாசம் 1.3 சதவீதம்தான். விரிவான விடை எழுதும் தேர்வாக இருந்தால் நீங்கள் எதை எடுத்தீர்கள் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். திருத்துகிறவர் பக்கம் இத்தனை வருடம் உட்கார்ந்தவன் சொல்கிறேன், அந்த ஒரு வரிக்கு மதிப்பு உண்டு.

நீரின் மேல் சேகரித்த வாயு என்று வந்தால் இன்னொரு கவனம் வேண்டும். சாடிக்குள் நீங்கள் தயாரித்த வாயு மட்டும் இல்லை, தண்ணீர் ஆவியும் சேர்ந்து நின்று தன் பங்குக்கு அழுத்துகிறது. 30°-யில் அந்தப் பங்கு 32 மில்லிமீட்டர் பாதரசம் அளவு. குளிர்நாட்டு ஆய்வகத்தில், 15°-யில், இது 13 மில்லிமீட்டர்தான். நம் பள்ளி ஆய்வகத்தில் இதை விட்டுவிட்டால் பிழை அதிகம். 752 மில்லிமீட்டர் அழுத்தத்தில், 30°-யில், 250 மில்லிலிட்டர் ஆக்சிஜன் சேகரித்தால், ஆக்சிஜனின் பங்கு 720 மட்டுமே. அதை வைத்துப் போட்டால் 0.305 கிராம். கழிக்காமல் போட்டால் 0.318. கலவையில் ஒவ்வொரு வாயுவும் தன் பங்குக்கு அழுத்தும் என்ற டால்டன் விதியைத் தனிப் பாடமாகப் படித்துவிட்டு இங்கே மறந்துபோகிறவர்கள் ஏராளம்.

அடர்த்திக் கணக்குகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு லிட்டரின் எடை வேண்டுமானால் மூலக்கூறு நிறையை 25-ஆல் வகுத்துப் பாருங்கள், ஏறத்தாழ வந்துவிடும். காற்றுக்கு 29-ஐ வகுத்தால் லிட்டருக்கு 1.16 கிராம். நீராவிக்கு 18 மட்டுமே என்பதால், அதே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் ஈரக்காற்று வறண்ட காற்றைவிட லேசானது. கேட்பதற்கு நேர்மாறாகத் தோன்றும், ஆனால் அதுதான் உண்மை.

இப்போது எல்லையைச் சொல்ல வேண்டும். இந்தச் சமன்பாடு வாயுவுக்கு மட்டும்தான், அதுவும் மூலக்கூறுகள் ஒன்றையொன்று கண்டுகொள்ளாத அளவு விலகி நிற்கும்போதுதான். 2021-இல் கொரோனா இரண்டாவது அலையில், ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில் உறவினரை வைத்திருந்த என் பழைய மாணவர் ஒருவர் இரவில் அழைத்தார். வீட்டுக்குக் கொண்டுபோகச் சின்ன ஆக்சிஜன் சிலிண்டர் கிடைத்திருக்கிறது, எத்தனை மணி நேரம் வரும் சார் என்று கேட்டார். அந்தச் சிலிண்டரின் உள்ளளவு 10 லிட்டர், நிரப்பிய அழுத்தம் வெளிக்காற்றைப் போல ஏறத்தாழ 150 மடங்கு. பெருக்கினால் சாதாரண அழுத்தத்தில் 1500 லிட்டர். நிமிடத்துக்கு 5 லிட்டர் என்றால் 300 நிமிடம், ஐந்து மணி நேரம். மீட்டர் 75-க்கு இறங்கினால் பாதி தீர்ந்தது, ஆகவே முழுசும் தீரும்வரை காத்திருக்காமல் மாற்றுச் சிலிண்டருக்கு அப்போதே சொல்லிவிடுங்கள் என்றேன். 150 வளிமண்டலத்தில் ஆக்சிஜன் நல்லியல்பிலிருந்து, அதாவது இந்தச் சமன்பாடு சொல்வதிலிருந்து, ஏறத்தாழ ஐந்து சதவீதம் விலகும். அந்த இரவில் அவருக்குத் தேவைப்பட்ட துல்லியத்துக்கு அது பொருட்டில்லை. அழுத்தம் கூடக் கூடக் கன அளவு சுருங்கும் என்ற பாயில் விதியைக் கால் நூற்றாண்டு நடத்தியிருக்கிறேன், அன்றைக்குப் போல அதற்கு நான் நன்றி சொன்னதில்லை.

அதே கணக்கை அடுப்படிச் சிலிண்டருக்குப் போட்டால் முழுசாகத் தோற்றுவிடுவீர்கள். 14.2 கிலோ, எல்லாம் பியூட்டேன் என்று வைத்தால் 245 மோல். சிலிண்டரின் உள்ளளவு 33.3 லிட்டர். 30°-யில் சமன்பாட்டில் போட்டால் 183 வளிமண்டலம் வரும். உண்மையில் உள்ளே பத்து வளிமண்டலம்கூட இருக்காது. காரணம், உள்ளே இருப்பதில் பெரும்பகுதி திரவம். மேலே கொஞ்சம் ஆவி, கீழே திரவம். நாம் ஆவியை எடுக்க எடுக்கத் திரவம் ஆவியாகி இடத்தை நிரப்பிவிடும். ஆகவே திரவம் தீரும்வரை அழுத்தம் ஏறத்தாழ அப்படியே நிற்கும். ஆக்சிஜன் சிலிண்டரில் மீட்டரைப் பார்த்து மிச்சத்தைச் சொல்லலாம், கேஸ் சிலிண்டரில் முடியாது, எடை போட்டுத்தான் பார்க்க வேண்டும். பார்வைக்கு இரண்டும் இரும்புச் சிலிண்டர்தான், உள்ளே நடப்பது முற்றிலும் வேறு. மகேந்திரகிரியில் இஸ்ரோ வளாகத்தில் ராக்கெட் எஞ்சினுக்கு வைத்திருக்கும் ஆக்சிஜனும் மைனஸ் 183°-யில் திரவமாக இருப்பது. அந்தக் கொரோனா சமயத்தில் அங்கிருந்து மருத்துவமனைகளுக்குத் திரவ ஆக்சிஜன் அனுப்பினார்கள். ஒரு லிட்டர் திரவம் 1140 கிராம் சொச்சம், 35.7 மோல். ஆவியான பிறகு 20°-யில் 858 லிட்டர் வாயு. திரவமாக இருக்கும்வரை சமன்பாட்டுக்கு அதில் வேலையில்லை, ஆவியான பின்தான் வேலை.

இடைப்பட்ட நிலைக்குத்தான் வாண்டர் வால்ஸ் 1873-இல் தந்த திருத்தம். 27°-யில் ஒரு மோல் கார்பன் டை ஆக்சைடை ஒரு லிட்டருக்குள் அடைத்தால் நல்லியல்புக் கணக்கில் 24.6 வளிமண்டலம். அவருடைய திருத்தத்தைப் போட்டால், மூலக்கூறுகளே கொஞ்சம் இடத்தை அடைத்துக்கொள்வதால் 25.7-க்கு ஏறி, அவை ஒன்றையொன்று இழுப்பதால் 3.6 குறைந்து, 22.1-இல் நிற்கும். பத்து சதவீத வித்தியாசம். பாடநூல் அளவில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இதுவரைதான். உயர் அழுத்தக் கலன் வடிவமைப்பு போன்றவற்றுக்குப் பொறியாளர்கள் அளந்து எடுத்த அட்டவணைகளையே நம்புகிறார்கள், அது என் துறை இல்லை.

தமிழ் வழியில் படிப்பதால் ஒரு சொல் எச்சரிக்கை. கன அளவு, பருமன், கொள்ளளவு என்று ஒவ்வொரு வினாத்தாளில் ஒவ்வொரு மாதிரி வரும், எல்லாம் ஒன்றுதான். நல்லியல்பு வாயுவை இலட்சிய வாயு என்றும் எழுதுவார்கள். நீட் வினாத்தாளில் தமிழ் வாக்கியம் குழப்பினால் பக்கத்திலிருக்கும் ஆங்கிலத்தையும் பாருங்கள், மொழிபெயர்ப்பில் முரண் வந்தால் ஆங்கிலமே இறுதி என்று அவர்களே விதி வைத்திருக்கிறார்கள்.

மிச்சமுள்ள ஐந்து கணக்குகளையும் இதேபோல் பிரித்துப் பாருங்கள். அதற்கு முன் இதைப் போட்டுவிட்டு எழுதுங்கள், பார்க்கிறேன்: 2.4 கிராம் மெக்னீசியம் நாடாவை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் முழுதும் கரைத்து, வரும் ஹைட்ரஜனை 30°-யில், 752 மில்லிமீட்டர் அழுத்தத்தில் நீரின் மேல் சேகரித்தால் எத்தனை லிட்டர்? பேனாவை எடுக்கும் முன்பே இரண்டரை லிட்டருக்குச் சற்று மேலே என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.